ஐஸ்லாந்தில் கொசு, அண்டார்க்டிகாவில் சிறகில்லாப் பூச்சி: துருவ மிட்ஜ்களை எப்படி இனம் பிரிக்கிறார்கள்?

ஐஸ்லாந்தில் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி 2025 அக்டோபரில் உலகெங்கும் வெளியாயிற்று. தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வடக்கே உள்ள க்யோஸ் பகுதியில், அந்துப்பூச்சிகளைக் கவர்வதற்காக ஒயினில் நனைத்துத் தொங்கவிட்ட கயிற்றில் இரண்டு பெண் கொசுக்களும் ஓர் ஆண் கொசுவும் சிக்கின. அவை குலிசெட்டா அனுலேட்டா என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்று அந்நாட்டின் இயற்கை அறிவியல் நிறுவனம் உறுதிசெய்தது. இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் எழுந்தது நியாயமே. அதே நாட்டின் வடக்கில் உள்ள மீவாட்ன் ஏரிக்கரையில், கோடை வந்தால் கரிய தூண்களாக எழும்பும் பூச்சிக்கூட்டத்தின் படங்கள் பல ஆண்டுகளாக இணையத்தில் உலவுகின்றன. அவை கொசுக்கள் இல்லையென்றால் வேறு என்ன? கொசுவே இல்லாத நாடு என்று இத்தனை நாள் எப்படிச் சொன்னார்கள்?

அண்டார்க்டிகா பற்றியும் இதே மாதிரியான ஐயம் உண்டு. பூச்சியே வாழ முடியாத கண்டம் என்று ஒரு பக்கமும், அங்கே மட்டுமே வாழும் ஒரு பூச்சி இருக்கிறது என்று மறுபக்கமும் படிக்கிறோம். இரண்டு குழப்பங்களுக்கும் விடை வகைப்பாட்டில் இருக்கிறது. உருவில் கொசுவை ஒத்த சிறு பூச்சிகளை ஆங்கிலப் பொதுவழக்கில் மிட்ஜ் என்கிறார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட கூட்டங்கள் அடங்கியிருக்கின்றன. குளிர்ப் பகுதிகளில் அவற்றைப் பிரித்தறிவது வெப்ப நாடுகளில் பிரிப்பதைவிடக் கடினம். ஏன் கடினம் என்பதே இக்கட்டுரையின் மையம்.

ஒரே தோற்றம், நான்கு குடும்பங்கள்

அடிப்படையை நம் வட்டாரத்திலேயே பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஊருணிகளும் கண்மாய்களும் நிறைந்த பிறகு, காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மாலை விளக்கேற்றியதும் பொடிப் பூச்சிகள் வந்து மொய்க்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவரில் அவை உட்காரும்போது ஒவ்வொரு காலும் தனித்தனியாகத் தெரியும். சற்று நெருங்கிப் பார்த்தால், சில பூச்சிகள் முன்னங்கால்கள் இரண்டையும் மேலே தூக்கி வைத்திருக்கும். வேறு சில பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். முன்னங்காலைத் தூக்குபவை பெரும்பாலும் கடிக்காத மிட்ஜ்கள். பின்னங்காலைத் தூக்குபவை கொசுக்கள்.

ஈ, கொசு எல்லாம் அடங்கிய இருசிறகிகள் என்னும் வரிசையில், நமக்கு இங்கே தேவைப்படும் குடும்பங்கள் நான்கு:

1. கியூலிசிடே, அதாவது உண்மையான கொசுக்கள். நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. சிறகின் நரம்புகளிலும் ஓரத்திலும் செதில்கள் படர்ந்திருக்கும். சுமார் 3,600 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

2. கைரோனோமிடே, அதாவது கடிக்காத மிட்ஜ்கள். உறிஞ்சுகுழலும் கிடையாது, சிறகில் செதிலும் கிடையாது. ஆணின் உணர்கொம்பு இறகுக்கொத்தாக விரிந்திருக்கும். ஊருணிச் சேற்றைக் கையில் அள்ளினால் நெளியும் சிவப்புப் புழுக்கள் இக்குடும்பத்தில் கைரோனோமஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. வண்ணமீன் கடைகளில் தீவனமாக விற்கும் பிளட்வார்ம் என்பதும் இதுவே. அந்தச் சிவப்பு நம் குருதியில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபினால் வருவது. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழ அது துணைசெய்கிறது.

3. செரடோபோகோனிடே, அதாவது கடிக்கும் நுண்மிட்ஜ்கள். சில மில்லிமீட்டரே நீளம். பலவற்றின் சிறகில் புள்ளிகளும் திட்டுகளும் இருக்கும். உட்காரும்போது சிறகுகளை முதுகின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைக்கும். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவரும் குலிகாய்ட்ஸ் இதில் ஒரு பேரினம். சாணமும் சேறும் கலந்த ஈரத்தில் பெருகும் இப்பூச்சிகளாலேயே, தமிழ்நாட்டில் அந்நோய் மழைக்காலத்தை ஒட்டித் தலைதூக்குகிறது.

4. சிமுலிடே, அதாவது கருமையான, முதுகு கூனிய சிறு ஈக்கள். புழுக்கள் ஓடும் நீரில் மட்டுமே வளரும். பெண் கடித்துக் குருதி குடிக்கும்.

இவற்றுள் துருவப் பகுதி என்றவுடன் முதலில் நினைக்க வேண்டியது இரண்டாவது குடும்பத்தை. வடக்கே போகப் போக வண்டு, வண்ணத்துப்பூச்சி, எறும்பு என்று ஒவ்வொரு கூட்டமாகக் குறைந்துகொண்டே வர, கைரோனோமிடே குடும்பத்தின் பங்கு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. உலகில் ஏறத்தாழ 7,000 இனங்கள் பெயரிடப்பட்டுள்ள இக்குடும்பம், இமயமலைப் பனியாறு முதல் அண்டார்க்டிகா வரை எல்லாக் குளிரிலும் இருக்கிறது.

ஐஸ்லாந்துக் குழப்பம் தீரும் விதம்

நான்கு குடும்பங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஐஸ்லாந்துச் செய்தி தெளிவாகிவிடும். மீவாட்ன் ஏரியில் தூண்தூணாக எழுபவை பெரும்பாலும் டேனிடார்சஸ் கிராசிலென்டஸ், கைரோனோமஸ் ஐலாண்டிகஸ் என்னும் இரு கடிக்காத மிட்ஜ்கள். அவற்றின் புழுக்கள் ஏரியடிச் சேற்றில் பட்டுநூல் குழாய் கட்டி, நுண்பாசிகளைத் தின்று வளர்கின்றன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை மலையாகக் குவியும். சில ஆண்டுகளில் அநேகமாக இல்லாமலே போகும். செத்து விழும் பூச்சிகள் ஏரிக்கரை நிலத்துக்கு எருவாகவே ஆகின்றன. அதே ஏரியிலிருந்து புறப்படும் லாக்ஸா ஆற்றில் சிமுலியம் விட்டாட்டம் என்னும் கருநிற ஈ வளர்கிறது; அது கடிக்கும். ஏரிக்கரையில் கடிபட்டவர்கள் மிட்ஜ் கடித்தது என்று சொல்வதற்கு இந்த அண்டை வீட்டுக்காரரே காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, 2015 கோடையில் ஐஸ்லாந்தின் தென்மேற்கில் கோடைவீடுகளில் தங்கியிருந்தவர்களைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துத் தடிக்கச் செய்தது. அது குலிகாய்ட்ஸ் ரெபர்ரஸ் என்று பின்னர் அடையாளம் கண்டார்கள். ஆக, கொசு இல்லாத நாடாக இருந்த காலத்திலேயே அங்கே மற்ற மூன்று குடும்பங்களும் இருந்தன. 2025இல் வந்து சேர்ந்தது நான்காவது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிரினால்தான் அங்கே கொசு இல்லை என்று பல செய்திகள் எழுதின. அது முழு விளக்கம் ஆகாது. ஐஸ்லாந்தைவிடக் கடுங்குளிரான கிரீன்லாந்தில் ஈடிஸ் நிக்ரிபஸ் என்னும் கொசு ஏராளமாக உண்டு. நோர்வேயின் வடகோடியிலும் உண்டு. குளிர்காலத்தில் ஐஸ்லாந்தின் குட்டைகள் உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி வருவது கொசுவின் வளர்ச்சியைக் குலைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

குடும்பத்துக்குள் பிரிவுகள்

குடும்பப் பெயர் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. செட்டிநாட்டில் நகரத்தார் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது, ஊரும் பெயரும் மட்டும் போதாமல் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். இளையாத்தங்குடி என்று விடை வந்தால் ஒக்கூரா, பட்டணசாமியா, கழனிவாசலா என்று உட்பிரிவையும் கேட்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் யாருக்கு யார் என்ன உறவு என்பது பிடிபடும். மிட்ஜ் வகைப்பாட்டிலும் குடும்பம், துணைக்குடும்பம், பேரினம், இனம் என்ற அடுக்கு அந்த வேலையைத்தான் செய்கிறது: ஒரு பூச்சியின் பெயரைச் சொல்லும்போதே அதன் வழிமரபையும் சொல்லிவிடுகிறது.

கைரோனோமிடே குடும்பத்தில் இன்று 11 துணைக்குடும்பங்கள் ஏற்கப்பட்டுள்ளன. துருவ நோக்கில் முக்கியமானவை சில. வெதுவெதுப்பான, சேறு மிகுந்த நீரில் கோலோச்சுவது கைரோனோமினே. நம் ஊருணிப் புழு இதைச் சேர்ந்தது. குளிர்ந்த, தெளிந்த நீரிலும் ஈர மண்ணிலும் பெருகுவது ஆர்த்தோகிளாடினே. பனியாறு உருகிவரும் ஓடைகளில் முதலில் குடியேறுவது டயமீசினே. தென்னரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளில் சிறப்பாகக் காணப்படுவது போடோனோமினே.

இந்தக் கடைசித் துணைக்குடும்பத்துக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் லார்ஸ் புருந்தின், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் குளிரோடைகளில் வாழும் போடோனோமினே முதலிய மிட்ஜ்களை ஒப்பிட்டு, 1966இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். இப்பூச்சிகளின் உறவுமுறையை வரைந்தால், கோண்டுவானா என்னும் பழைய பெருங்கண்டம் எந்த வரிசையில் உடைந்து பிரிந்ததோ அதனோடு பொருந்திவருகிறது என்று அவர் காட்டினார். கண்ட நகர்வுக் கொள்கையைப் புவியியலாளர்களே முழுமையாக ஏற்றுக்கொள்ளாதிருந்த நேரம் அது. கண்டங்களின் பிரிவுக்கு ஓடையில் வாழும் கொசு போன்ற பூச்சி சாட்சி சொன்னது என்றால், வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் என்ற எண்ணம் நிற்காது.

பெயர்கள் பற்றிய சிக்கலையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். பழைய நூல்களில் இக்குடும்பத்தை டென்டிபெடிடே என்ற பெயரில் காணலாம். ஜெர்மானியப் பூச்சியியலாளர் மெய்கன் 1800இலும் 1803இலும் ஒரே பூச்சிகளுக்கு இரு வேறு பெயர்களைச் சூட்டியதால் எழுந்த நெடுங்காலப் பூசல் அது. 1963இல் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் 1800ஆம் ஆண்டுப் பெயர்களைச் செல்லாதவையாக்கிய பிறகே கைரோனோமிடே நிலைபெற்றது.

பெயரைத் தீர்மானிக்கும் உறுப்புகள்

ஒரு மிட்ஜின் இனத்தை உறுதிசெய்ய வெறுங்கண் உதவாது. பூச்சியைச் சாராயத்தில் பாதுகாத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, எஞ்சும் ஒளிபுகும் தோட்டைக் கனடா பால்சம் அல்லது யூபரால் என்னும் பிசினில் கண்ணாடித் தகட்டில் பதிக்கிறார்கள். தலை, மார்பு, சிறகு, வயிறு எல்லாம் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனிக் கண்ணாடிச் சில்லின்கீழ் வைக்கப்படும். 3 மில்லிமீட்டர் பூச்சியின் தலையை உடலிலிருந்து ஊசிமுனையால் பிரித்து, உணர்கொம்பு உடையாமல் கிடத்துவது பழகிய கைக்கே வரும் வேலை. பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பவை இவை:

1. சிறகு நரம்புகள். எம்சியூ எனப்படும் குறுக்கு நரம்பு இருந்தால் டயமீசினே, போடோனோமினே, டானிபோடினே என்னும் மற்றொரு துணைக்குடும்பம் ஆகியவற்றின் பக்கமாகவும், இல்லாவிட்டால் கைரோனோமினே அல்லது ஆர்த்தோகிளாடினே பக்கமாகவும் போக வேண்டும். ஆக, முதல் கிளைபிரிப்பே சிறகில்தான் நிகழ்கிறது.

2. கால் விகிதம். முன்னங்காலில் முதல் பாதக் கணுவின் நீளத்தைக் கணைக்காலின் நீளத்தால் வகுத்தால் வரும் எண் இது. கைரோனோமினேயில் அது பொதுவாக 1ஐவிடக் கூடுதல், ஆர்த்தோகிளாடினேயில் குறைவு.

3. உணர்கொம்பு விகிதம். ஆணின் உணர்கொம்பில் கடைசிக் கணுவின் நீளத்தை, அதற்கு முந்தைய கணுக்களின் மொத்த நீளத்தால் வகுப்பது.

4. ஆணின் வயிற்று நுனி உறுப்பு. ஹைப்போபீஜியம் எனப்படும் இந்த இனப்பெருக்க உறுப்பின் கொக்கிகள், மடல்கள், மயிர்கள் ஆகியவை இனத்துக்கு இனம் வேறுபடும். ஒவ்வோர் அடையாளமாகக் கேட்டு இனத்தைக் கண்டறிய உதவும் விசைப்பட்டியல்கள் பெரும்பாலும் இதை நம்பியே எழுதப்பட்டுள்ளன.

புழுவில் பார்க்க வேண்டியவை வேறு. தலைக்கூட்டின் அடிப்புறத்தில் பற்கள் வரிசையாக அமைந்த மென்டம் என்னும் தகடு, அதன் இருபுறத் தகடுகளில் வரிகள் உள்ளனவா என்பது, தாடையின் பற்கள், உணர்கொம்பின் கணுக்கள் ஆகியவை. வரியோடிய பக்கத் தகடு கைரோனோமினேயின் முத்திரை. உணர்கொம்பின் மூன்றாம் கணுவில் வளையங்கள் இருந்தால் டயமீசினே என்று துணியலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே, பலரும் கவனிக்காத ஒரு பொருள் இருக்கிறது: கூட்டுப்புழு கழற்றிப்போடும் தோல். நீர்ப்பரப்புக்கு வந்த கூட்டுப்புழு, முதுகு பிளந்து பூச்சியாக வெளியேறிய பிறகு, அதன் வெற்றுத் தோல் நீரில் மிதந்து காற்றடிக்கும் கரையில் நுரையோடு ஒதுங்கும். மூச்சுக்கொம்பின் வடிவம், வயிற்றுக் கண்டங்களில் உள்ள நுண்முட்களின் வரிசை, வால்மடலின் மயிர்கள் எல்லாம் அதில் அப்படியே பதிந்திருக்கும். ஜெர்மானிய நீரியல் அறிஞர் ஆகஸ்ட் தீனமான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் பயனைக் கண்டார். ஓர் உயிரையும் கொல்லாமல், ஒரு வலையால் கரையோர நுரையை அள்ளியே, அந்த நீர்நிலையில் எந்தெந்த இனங்கள் வாழ்கின்றன என்று சொல்ல முடிகிற வழி இது. நம் ஊருணிகளின் நீர்த்தரத்தை ஆராய விரும்பும் கல்லூரி மாணவர்கள் தயங்காமல் கையில் எடுக்க வேண்டிய முறை என்பது என் உறுதியான எண்ணம்.

குளிர் அழித்துவிடும் அடையாளங்கள்

மேலே கண்ட பட்டியலை வைத்துக்கொண்டு துருவத்துக்குப் போனால் என்ன ஆகிறது? அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகின்றன.

முதலில் போவது சிறகு. கடுங்காற்றில் பறப்பது ஆபத்து. குளிரில் பறக்கும் தசையைச் சூடேற்றுவதும் பெருஞ்செலவு. ஆகவே பல இனங்களில் சிறகு குறுகி, சிலவற்றில் வெறும் மொட்டாகிவிட்டது. 1897 முதல் 1899 வரை பெல்ஜிகா என்னும் கப்பலில் அண்டார்க்டிகா சென்ற குழுவில் இருந்த ருமேனிய விலங்கியலாளர் எமில் ரக்கோவிட்சா சேகரித்த சிறகில்லாப் பூச்சிக்கு, 1900இல் ஜேக்கப்ஸ் என்பவர் பெல்ஜிகா அண்டார்க்டிகா என்று பெயரிட்டார். அண்டார்க்டிகாவுக்கே உரிய ஒரே பூச்சியினமும், அக்கண்டத்தில் முழுக்க நிலத்திலேயே வாழும் விலங்குகளில் மிகப் பெரியதும் இதுவே. அந்தப் பெரிய விலங்கின் நீளம் 2 முதல் 6 மில்லிமீட்டர். சிறகே இல்லாததால் எம்சியூ நரம்பைப் பார்த்துத் துணைக்குடும்பம் சொல்ல வழியில்லை. புழு, கூட்டுப்புழு, வயிற்று நுனி ஆகியவற்றைக் கொண்டே இதை ஆர்த்தோகிளாடினேயில் வைத்தார்கள்.

இரண்டாவது, உணர்கொம்பு. வெப்ப நாட்டில் ஆண்கள் மாலை வானில் கூட்டமாக ஆடும். பெண்ணின் சிறகொலியை இறகு போன்ற உணர்கொம்பால் கேட்டு அடையாளம் காணும். கடுங்குளிரில் பல இனங்களில் வானில் கூட்டம் கூடுவதே நின்று, தரையிலும் பனியிலும் நடந்தபடியே இணைசேரும் வழக்கம் வந்துவிட்டது. கேட்க வேண்டிய தேவை போனதும் இறகுக்கொத்தும் சுருங்கியது, கணுக்களும் குறைந்தன. அதனால் உணர்கொம்பு விகிதம் என்னும் அளவு பொருளிழக்கிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இனங்கள்கூட ஒரே மாதிரி சுருங்கிய உணர்கொம்போடு நிற்கும். அந்த ஒற்றுமையை உறவு என்று எண்ணி ஒரே பேரினத்தில் போட்டுவிடும் அபாயம் இங்கே மிகுதி.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. நேபாளத்தின் லாங்டாங் பகுதியில் யாலா பனியாற்றில், சிறகு குறுகிய ஒரு மிட்ஜ் பனிமேல் நடப்பதையும், மைனஸ் 16 டிகிரி செல்சியஸிலும் இயங்குவதையும் ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா 1984இல் உலகுக்கு அறிவித்தார். பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் உருகுநீரில் பாசியையும் பாக்டீரியாவையும் தின்று அதன் புழு வளர்கிறது. டயமீசா பேரினத்தைச் சேர்ந்த அந்த இனம் இன்று அவர் பெயரையே தாங்கி, டயமீசா கோஷிமை எனப்படுகிறது.

மூன்றாவது இழப்புதான் மிகப் பெரியது: சில இனங்களில் ஆணே இல்லை. பெண்கள் இணைசேராமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சேர்ந்த எரெட்மாப்டெரா மர்ஃபியி அப்படிப்பட்டது. 1914இல் விவரிக்கப்பட்ட இந்தப் பூச்சிக்குச் சிறகும் குறுகியது. ஆணின் வயிற்று நுனியைப் பார் என்று விசைப்பட்டியல் சொல்லும் இடத்தில், பார்க்க ஆண் கிடைப்பதில்லை.

நான்காவது சிக்கல் காலம் சார்ந்தது. நம் ஊருணியில் கைரோனோமஸ் முட்டையிலிருந்து பூச்சியாகச் சில வாரங்கள் போதும். பெல்ஜிகாவுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். முதிர்பூச்சியாக அது வாழ்வதோ இரண்டு வாரத்துக்கும் குறைவு. அலாஸ்காவின் வடமுனையில், முன்பு பாரோ எனப்பட்ட உட்கியாக்விக் அருகே உள்ள உறைநிலக் குட்டைகளில் கைரோனோமஸ் பேரினத்தின் இரண்டு இனங்களுக்கு 7 ஆண்டு ஆயுள்சுற்று என்று மால்கம் பட்லர் 1982இல் காட்டினார். குட்டையில் எந்நாளும் பல வயதுப் புழுக்கள் கலந்து கிடக்க, முதிர்பூச்சிகள் கோடையில் ஒரு சில நாள்களில் வெளிவந்து மடிந்துவிடுகின்றன. ஆய்வாளர் அந்த நாள்களில் அங்கே இல்லாவிட்டால் கையில் கிடைப்பது புழு மட்டுமே. புழுவை இனம் வரை கொண்டுபோவது பல பேரினங்களில் இயலாது. எனவே பழைய துருவப் பட்டியல்களில் பேரினப் பெயருக்குப் பின் இனம் குறிப்பிடாமல் விட்ட பதிவுகள் நிறைய இருக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. உறுதியில்லாத பெயரை எழுதுவதைவிட அது நேர்மையானது.

எல்லாத் துருவ மிட்ஜ்களும் சிறகிழந்தவை என்று எண்ணிவிடவும் கூடாது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளின் ஏரிகளில் வளரும் பரோக்லஸ் ஸ்டைனெனிக்கு முழுச் சிறகு உண்டு. அது அண்டார்க்டிகாவுக்கு வெளியேயும் வாழ்வது; ஆனால் அங்கே இயற்கையாக வாழும் பூச்சிகளில் சிறகுள்ளது அது ஒன்றே. போடோனோமினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த அதையும் ஆர்த்தோகிளாடினேயான பெல்ஜிகாவையும் பிரித்தறிவது எளிது. சிக்கல் தொடங்குவது, சிறகிழந்த இரண்டு இனங்கள் ஒரே மண்ணில் சேரும்போதுதான்.

டிஎன்ஏ போடும் பாலம்

மேற்கண்ட இடர்களின் சாரம் இதுதான்: ஒரே உயிரின் புழு, கூட்டுப்புழுத் தோல், ஆண், பெண் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றன, எது எதனுடையது என்று இணைக்க வழியில்லை. பழைய முறை, புழுவைத் தனிக் குப்பியில் உயிரோடு வளர்த்துப் பூச்சியாக வெளிவரும்வரை காத்திருப்பது. 7 ஆண்டு வாழும் புழுவை அப்படி வளர்ப்பது எத்தனை கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் டிஎன்ஏ பார்கோடு முறை கைகொடுக்கிறது. 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த இம்முறையில், செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவில் உள்ள சிஓஐ என்னும் மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளப் பகுதி படிக்கப்படுகிறது. ஒரே இனத்தின் புழுவிலும் பூச்சியிலும் அந்த வரிசை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஆணை வைத்துப் பெயர் உறுதியான ஒரு வரிசையோடு, பெயர் தெரியாத புழுவின் வரிசை பொருந்தினால், புழுவுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆர்க்டிக் பகுதியில் வாழும் டேனிடார்சினி என்னும் மிட்ஜ் குழுவில் அதுவரை விவரிக்கப்படாத புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் நோர்வே ஆய்வாளர்கள் எலிசபெத் ஸ்டூரும் டார்பியான் எக்ரெமும் 2011இல் இவ்வாறு இணைத்துக் காட்டினார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் 2008 முதல் நோர்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் இயங்குவதால், அவ்வட்டாரத்தின் பூச்சிப் பட்டியல் நமக்கும் அந்நியமானதன்று.

ஆனாலும் பார்கோடு ஒரு பாலம் மட்டுமே. மறுகரையில் பெயர் உறுதியான ஒரு பூச்சி இல்லாவிட்டால் வரிசை மட்டும் கையில் நிற்கும். அதற்குப் பெயர் கிடைக்காது. அண்மையில் பிரிந்த இனங்களில் வரிசை வேறுபடாமலும் இருக்கலாம். கலப்பினால் ஓர் இனத்தின் மைட்டோகாண்டிரியா மற்றோர் இனத்துக்குள் புகுந்தும் இருக்கலாம். கைரோனோமஸ் பேரினத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள இராட்சதக் குரோமோசோம்களை பால்பியானி 1881இல் கண்டார். அவற்றின் குறுக்குப் பட்டைகளின் வரிசையைக் கொண்டு, தோற்றத்தில் பிரிக்கவே முடியாத இனங்களை இன்றும் பிரிக்கிறார்கள். நுண்ணோக்கித் தகடும் டிஎன்ஏ வரிசையும் ஒரே மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த மாதிரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தால்தான் பிற்காலத்தில் யாரும் சரிபார்க்க முடியும். தகட்டை விட்டுவிட்டு வரிசையை மட்டும் சேமிக்கும் போக்கு கவலை தருகிறது.

பெயர் தவறினால் என்ன ஆகும்

முதல் விளைவு, வேற்றிடப் பூச்சிகளைக் கண்டறிவதில். 1960களில் அண்டார்க்டிகப் பகுதியில் உள்ள தெற்கு ஆர்க்னி தீவுகளில் ஒன்றான சிக்னிக்கு, தெற்கு ஜார்ஜியாவிலிருந்து தாவரங்களை மண்ணோடு கொண்டுவந்து நட்டு ஆய்வு செய்தார்கள். அந்த மண்ணில் எரெட்மாப்டெரா மர்ஃபியியும் வந்து சேர்ந்தது. ஆண் தேவையில்லாத இனம் என்பதால் ஒரே ஒரு புழுகூடக் குடியேற்றத்துக்குப் போதும். இன்று அது அங்கே பரவி, மக்கிய பாசியைத் தின்று, மண்ணில் நைட்ரஜன் சத்தைப் பல மடங்கு கூட்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் நடந்த பாதைகளின் வழியே, காலணியில் ஒட்டிய மண்ணோடு அது நகர்ந்திருப்பதாகக் கருதப்படுகிறது. சிக்னி தீவில் பெல்ஜிகா இல்லாததால் குழப்பமில்லை. அண்டார்க்டிகத் தீபகற்பத்துக்கு எரெட்மாப்டெரா போய்ச் சேர்ந்தால், அங்கே பெல்ஜிகாவின் புழுக்களுக்கு நடுவே அதைப் பிரித்தறிய வேண்டிவரும். இரண்டும் ஒரே துணைக்குடும்பம், நெருங்கிய உறவு, மண்ணில் வாழும் வெளிறிய சிறு புழுக்கள். முதல் சில ஆண்டுகளில் அது பெல்ஜிகா என்றே எண்ணப்பட்டுவிட்டால், ஒழிக்கக்கூடிய காலம் கடந்துபோகும்.

இரண்டாவது விளைவு, பழங்கால வெப்பநிலையைக் கணக்கிடுவதில். மிட்ஜ் புழுவின் தலைக்கூடு கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆனது. ஏரியடி வண்டலில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். வண்டலைக் கரைத்துச் சல்லடையில் அலசி, ஒவ்வொரு வண்டல் மாதிரியிலும் குறைந்தது 50 தலைக்கூடுகளையாவது பொறுக்கியெடுத்து இனம் பிரிக்கிறார்கள். மென்டம் பாதியாக உடைந்திருந்தால் அரை என்று எண்ணுகிறார்கள். குளிர் விரும்பிகள் எத்தனை, வெப்பம் விரும்பிகள் எத்தனை என்ற விகிதத்திலிருந்து அந்தக் காலத்துக் கோடை வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. கனடாவின் பாஃபின் தீவில் ஒரு சிற்றேரியின் வண்டலை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, கடந்த 2,00,000 ஆண்டுகளின் பதிவில், அண்மைப் பத்தாண்டுகளின் மாற்றத்துக்கு இணையே இல்லை என்று கண்டது. கடுங்குளிரை மட்டுமே தாங்கும் ஒலிவெரிடியா, சூடோடயமீசா என்னும் மிட்ஜ்கள் அந்த ஏரியில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் குறைந்து மறைந்தன. அந்த முடிவு முழுக்க முழுக்க, அரை மில்லிமீட்டர் தலைக்கூட்டின் பற்களைச் சரியாக எண்ணியதன்மேல் நிற்கிறது. ஆர்த்தோகிளாடினேயின் குளிரினம் ஒன்றை அதன் வெப்ப உறவினராகப் பதிந்துவிட்டால், கணக்கிடும் வெப்பநிலையும் பிசகும்.

மூன்றாவது, நோய் தொடர்பானது. 2006இல் நீலநாக்கு நோய் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளில் திடீரெனப் பரவியது. 2009இல் நோர்வே வரை எட்டியது. வெப்ப நாட்டுக் குலிகாய்ட்ஸ் இனங்களே இந்நோயைக் கடத்தும் என்று அதுவரை நம்பியிருந்த நிலையில், வட ஐரோப்பாவின் உள்ளூர் இனங்களே வைரஸைச் சுமந்தது தெரியவந்தது. பெரும் எண்ணிக்கையில் கடத்திய அந்த உள்ளூர் இனங்களில் சிலவற்றின் பெண்களைச் சிறகுப் புள்ளிகளைக் கொண்டு பிரிக்க இயலாது. மரபணுச் சோதனை வேண்டியிருக்கிறது. சிவகங்கைப் பக்கம் ஆடு வளர்ப்பவருக்கும் இது தொடர்புள்ள செய்தி: கிடையைச் சுற்றி மாலையில் மொய்ப்பது கைரோனோமிட் என்றால் அச்சமில்லை, குலிகாய்ட்ஸ் என்றால் தடுப்பூசி, சாணக்குழி, ஈரத் தொழுவம் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் துணியையும் விளக்கையும் கட்டி, விழும் பூச்சியின் சிறகு முதுகில் படிந்திருக்கிறதா, அதில் புள்ளி இருக்கிறதா, முன்னங்கால் தூக்கியிருக்கிறதா என்று ஒரு கைலென்ஸால் பார்ப்பது முதல் படி. உறுதிசெய்ய, சில பூச்சிகளைச் சாராயக் குப்பியில் இட்டு, பிடித்த இடத்தையும் நாளையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டு, கால்நடை மருத்துவரிடம் கொடுக்கலாம்; பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.